கரும்புக்குள் ஒரு நாணல்

கந்தளாய் என்றதும் இலங்கையில் பலருக்கு முதலில் குளம் நினைவுக்கு வரும். அடுத்தது எருமைத் தயிர். சற்று வயதானவர்களுக்குச் சீனித் தொழிற்சாலை. குளத்துக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியது என்று ஒரு சாரார் சொல்வார்கள்; திருகோணமலைத் தமிழர் குளக்கோட்டன் பெயரைச் சொல்வார்கள். தொழிற்சாலையின் வரலாறு அவ்வளவு பழையதல்ல. செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு 1960ஆம் ஆண்டளவில் எழுந்தது, நட்டத்தில் விழுந்தது, 1990களில் மூடப்பட்டது என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆனால் அந்த ஆலைக்குள் போன கரும்பு இருக்கிறதே, அதன் கதை குளத்தின் கதையைவிடப் பழையது. பசிபிக் தீவொன்றில் தொடங்கி, கோயம்புத்தூரில் திசை மாறி, 2024 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரைவரை அது வந்திருக்கிறது. உலகம் முழுதும் தோட்டங்களில் நிற்கும் கலப்பினக் கரும்பின் மரபணுத்தொகை முதன்முறையாக எழுத்தெழுத்தாக வாசித்து அடுக்கப்பட்டது அந்தக் கட்டுரையில்தான்.

கரும்பின் தாய்மண் நியூ கினி. ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த மக்கள் ஆற்றங்கரையில் வளர்ந்த தடித்த காட்டுப்புல் ஒன்றை ஒடித்து மென்று பார்த்தார்கள். சப்பென்றிருந்ததைத் துப்பினார்கள், இனித்ததன் கரணையை வெட்டி வீட்டருகே ஊன்றினார்கள். கரும்பின் பிற்காலம் முழுவதும் இந்தக் கரணைக்குள் இருக்கிறது. விதையிலிருந்து முளைக்கும் கன்று தாயும் தகப்பனும் கலந்த புதுப் பிறவி. கரணையிலிருந்து தளிர்ப்பது தாயேதான், ஒரு மாற்றமும் இல்லாமல். ஆயிரம் ஏக்கரில் ஒரே ரகக் கரும்பு நின்றால் அங்கே நிற்பது உண்மையில் ஒரே செடி. இனிப்பு குறையாமல் வரும் என்பது இதில் உள்ள இலாபம். அதில் ஒன்றைக் கொல்லக் கற்ற நோய் அத்தனையையும் கொல்லும் என்பது இதில் உள்ள ஆபத்து.

கரணை பயணத்துக்கு ஏற்றது. படகில் போட்டால் சில வாரம் உயிரோடு கிடக்கும். தீவு தீவாகத் தாவி அது ஆசியக் கண்டத்தில் ஏறியது. இந்தியாவில் அதன் காட்டு உறவான நாணலோடு அங்கங்கே தானாகவே கலந்து, மெல்லிய தண்டும் மிகுந்த நாரும் கொண்ட, ஆனால் பனிக்கும் வறட்சிக்கும் தாக்குப்பிடிக்கும் ஒரு கிளையும் உண்டாயிற்று. தமிழகத்துக்கு அது வந்த சேதி புறநானூற்றிலேயே இருக்கிறது. ஔவையார் பாடிய 99ஆம் பாட்டு, அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்த பெருமையைச் சொல்கிறது. போரில் வென்ற பெருமையோடு ஒரு பயிரைக் கொண்டுவந்த பெருமையும் சேர்த்து எண்ணப்பட்டிருக்கிறது. கரும்பு வெளியிலிருந்து வந்த பொருள் என்ற நினைவு சங்ககாலத்தில் அழியாமல் இருந்தது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு தீரவில்லை.

கிழக்கிலும் மேற்கிலும் செய்தி பரவியது. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ், இந்தியாவில் தேனீயே இல்லாமல் தேன் தரும் நாணல் உண்டு என்று எழுதிவைத்தான். சாற்றைக் காய்ச்சிக் கற்கண்டாக உறையவைக்கும் வித்தை கங்கைச் சமவெளியில் கைவந்தபோது, சீனப் பேரரசன் தாய்சோங் கி.பி. 647இல் மகதத்துக்கு ஆளனுப்பி அதைக் கற்றுவரச் செய்தான். அரபு வணிகர்கள் அதை மத்தியதரைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். 1493இல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் கரீபியத் தீவுகளில் கரணை இறக்கினான். அதன்பின் நடந்தவை கொடுமையானவை. ஆப்பிரிக்காவிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டார்கள். அடிமை முறை ஒழிந்தபின் தமிழகத்து மக்கள் மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் ரீயூனியனுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். ரீயூனியன் தீவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை அங்கே திரும்பப் போகும்.

இத்தனை பெரிய தோட்டத் தொழிலும் நெடுங்காலம் ஒரே ஒரு மெல்லிய கரும்பை நம்பித்தான் நடந்தது. அதை மாற்றியவர்கள் மாலுமிகள். 1768இல் தாகிட்டியில் தங்கிய பிரெஞ்சு மாலுமி பூகன்வில்லின் பயணத்தின் வழியே தடித்த, சாறு மிகுந்த தாகிட்டிக் கரும்பு இந்தியப் பெருங்கடல் தீவுகளை அடைந்தது. 'பவுண்டி' கப்பல் கலகத்தால் பெயர்போன கப்டன் பிளை, மறுபடி ஒரு கப்பலில் போய் 1793இல் அதே கரும்பை யமேக்காவுக்குக் கொண்டுசேர்த்தார். அவர் உண்மையில் ஏற்றிவரப் போனது ஈரப்பலாக் கன்றுகளை. நம் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் ஈரப்பலாவும் உலகத்தின் சீனிச் சந்தையைப் புரட்டிய கரும்பும் ஒரே கப்பலில் போயிருக்கின்றன.

தடித்த கரும்பு பரவிய வேகத்தில் அதன் நோயும் பரவியது. 1880களில் ஜாவாத் தோட்டங்களில் கரும்பு தண்டு விடாமல், எலுமிச்சைப் புல்போல அடியிலேயே குத்தாகச் சிறுத்துப்போனது. டச்சு முதலாளிகள் மலைமேல் நாற்றங்கால் போட்டுப் பார்த்தார்கள், வெளியூர்க் கரணை வரவழைத்தார்கள், செலவுதான் ஏறியது. அதுவரை கரும்பு முளைக்கும் விதை தராது என்பதே பலருடைய நம்பிக்கை. 1888இல் ஜாவாவில் சோல்ட்வெடலும் அதே ஆண்டில் பார்படோசில் ஹாரிசனும் போவெலும் கரும்புப் பூவிலிருந்து நாற்று முளைக்கும் என்று காட்டினார்கள். விதை உண்டென்றால் கலப்பும் உண்டு. ஜாவாவின் மலைச்சரிவொன்றில் 'கஸ்சூர்' என்று மக்கள் அழைத்த, நோய் அண்டாத, இனிப்புக் குறைந்த கரும்பு நின்றது. நட்ட கரும்பும் காட்டு நாணலும் யாரும் கேளாமல் கூடிப் பிறந்த பிள்ளை அது. அதை மீண்டும் மீண்டும் இனிப்புக் கரும்போடு சேர்த்து, 1921இல் யெஸ்வீட் என்ற டச்சு ஆய்வாளர் உண்டாக்கிய பிஓஜே 2878 என்ற ரகம், பத்தே ஆண்டுக்குள் ஜாவாத் தோட்டங்களை ஏறக்குறைய முழுவதுமாக நிரப்பிவிட்டது.

ஆனால் காட்டு நாணலை வேண்டுமென்றே தேர்ந்து, கரும்போடு நேரடியாக மணம் முடித்து, தோட்டத்துக்கு உதவும் பயிராக முதலில் வெளியிட்ட ஊர் கோயம்புத்தூர். வட இந்தியாவில் நின்றவை விளைச்சல் குறைந்த மெல்லிய கரும்புகள். சீனியோ ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிப்பது தெற்கில்தான் என்பதால், 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக இருந்த சி. ஏ. பார்பர் தலைமை, டி. எஸ். வெங்கடராமன் துணை. 'வெள்ளை' என்று உள்ளூரார் அழைத்த தடிக்கரும்பைத் தாயாக்கினார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் தானாக வளர்ந்து நின்ற நாணலைத் தந்தையாக்கினார்கள். பிறந்த பிள்ளைகளில் ஒன்று 1918இல் கோ 205 என்ற பெயரோடு பஞ்சாபுக்குப் போனது. அங்கிருந்த நாட்டுக் கரும்பைவிடப் பாதிக்கு மேல் அதிகம் விளைந்தது. 'கோ' என்பது ஊரின் பெயர்தான். வடக்கே உழவர் பிள்ளைகள்கூட அந்த இரண்டு எழுத்தை வைத்தே கரும்பைப் பேசும் அளவுக்கு அது பழகிப்போனது. பார்பருக்குப் பின் வெங்கடராமன் நிலையத்தை ஏற்று, 1942வரை கோ வரிசையைப் பெருக்கிக்கொண்டே போனார். 1932இல் இறக்குமதிச் சீனிமேல் பாதுகாப்பு வரி வந்ததும், முப்பது சொச்சமாக இருந்த இந்தியச் சீனி ஆலைகள் சில ஆண்டிலேயே நூற்று முப்பதைத் தாண்டின. வரி ஆலைகளைக் கட்டியது என்பார்கள். அரைக்க நல்ல கரும்பு இருந்திராவிட்டால் அந்த வரியால் என்ன பயன் விளைந்திருக்கும்?

சரி, கரும்பையும் நாணலையும் கலந்தால் உள்ளே என்ன நடக்கிறது? அதைத்தான் ஜானகி அம்மாள் தேடிப் போனார். 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்து, உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1931இல் முனைவர் பட்டம் வாங்கியவர். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார். எண்ணுவது என்றால் எளிதாகத் தோன்றும். வேர் நுனியை வெட்டி, மருந்தில் ஊறவைத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மனிதனுக்கு 46 குரோமோசோம். கலப்பினக் கரும்புக்கு நூறுக்கு மேல். ஒவ்வொன்றும் குட்டையான கோல். ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். ஒன்றுவிடாமல் வரைந்து எண்ண வேண்டும். கணக்கே விசித்திரமானது. தாய்க்கரும்புக்கு 80 குரோமோசோம். வழக்கப்படி பாதியை, அதாவது 40ஐத்தான் அது பிள்ளைக்குத் தர வேண்டும். ஜாவாவில் பிரெமர் என்ற ஆய்வாளர் பார்த்தபோது நாணலோடு சேரும் முதல் கலப்பில் அது 80ஐயும் அப்படியே தந்துவிடுகிறது. நாணல் மட்டும் தன் பாதியோடு நிற்கிறது. நாணலின் கணக்கு இன்னும் விநோதமானது. ஓர் இடத்து நாணலுக்கு 40 என்றால் வேறிடத்து நாணலுக்கு 128வரை போகும். இந்த எண்ணிக்கைகளின் வேறுபாட்டைத் தொடர்ந்துதான் நாணலின் பூர்வீகம் இந்தியா என்ற கருத்தை ஜானகி அம்மாள் முன்வைத்தார். கரும்பைச் சோளத்தின் உறவான மக்காச்சோளத்தோடு கலந்து பிறந்த செடியைப் பற்றியும் அவர் எழுதினார். இவையெல்லாம் 1930களில் செய்த வேலை. மரபுச் செய்தி டிஎன்ஏவில் இருக்கிறது என்றுகூட அன்று யாருக்கும் தெரியாது.

சாதியாலும், பெண் என்பதாலும், தனியே வாழ்ந்ததாலும் அவர் கோயம்புத்தூரில் பட்ட சிரமங்கள் பதிவாகியிருக்கின்றன. 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குப் போனார். போர் மூண்டது, அங்கேயே தங்கிவிட்டார். ஜான் இன்னிஸ் நிலையத்தில் வேலை கிடைத்தது. இலண்டனில் குண்டுகள் விழுந்த காலத்தில் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து உலகின் பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் எண்களையெல்லாம் திரட்டி, 1945இல் பெருநூலாக வெளியிட்டார். பின்பு நேருவின் அழைப்பில் நாடு திரும்பி, முதுமையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுத் தோட்டத்தில் வேலை செய்து, 1984இல் மறைந்தார். ஒரு பயிரின் உள்ளமைப்பை வாசித்த முன்னோடிகளின் பட்டியலில் அவர் பெயர் முதல் வரிசையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே காலத்தில் கரும்பின் தாய்மண்ணை நோக்கியும் ஆட்கள் போனார்கள். 1928இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பிராண்டெஸ் நீர்விமானத்தில் நியூ கினியின் ஆறுகளில் இறங்கி, கிராமத் தோட்டங்களில் நின்ற கரும்புகளைத் திரட்டினார். ஆண்டும் இடமும் சேர்ந்து '28 என்ஜி' என்று குறிக்கப்பட்ட அந்தக் கரணைகள் உலகத்தின் இனப்பெருக்க நிலையங்களுக்குப் பரவின.

இனி நம் பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலிக்கு அருகே பத்தேகமவில் வெள்ளைக்காரர் கரும்பு நட்டுப் பார்த்தது நிலைக்கவில்லை. சுதந்திரத்தின் பின் கல்ஓயாவிலும் கந்தளாயிலும் குளத்து நீரை நம்பித் தோட்டங்கள் எழுந்தன. இலங்கைத் தோட்டங்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சிய ரகம் கோ 775. ஆம், அதே கோ, கோயம்புத்தூர்ப் பிள்ளை. குளமும் ஆலையும் எவ்வளவு பெரியவையானாலும், ஊன்றும் கரணை வெளியூரிலிருந்து வந்தது. வேறு மழை, வேறு மண், வேறு நோய்களுக்காகத் தேர்ந்த ரகம் அது. கந்தளாய் ஆலை ஏன் மூடியது என்று பேசும்போது நிர்வாகத்தையும் போரையும் பேசுகிறோம். மண்ணுக்கேற்ற ரகத்தைத் தேடும் வேலை எவ்வளவு நடந்தது என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். பின்னாளில் உடவளவையில் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் அமைந்து, 'எஸ்எல்' என்ற முன்னெழுத்தோடு நாட்டின் சொந்த ரகங்கள் வரத் தொடங்கின.

1978இல் கரும்பு உலகம் மறுபடி நடுங்கியது. துரு நோய்ப் பூஞ்சையொன்று டொமினிக்கன் குடியரசில் தென்பட்டது; ஆப்பிரிக்காவிலிருந்து காற்றே அதன் வித்துகளை அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுவந்திருக்கும் என்று ஆய்வாளர் கருதினார்கள். கியூபாவில் பெரும்பரப்பில் நின்ற ஒரே ரகம் அதற்குப் பலியானது. கரணையின் பழைய ஆபத்து! ஆனால் ரீயூனியன் தீவில் உருவான ஆர் 570 என்ற ரகம் இந்தத் துருவுக்கு அசையவில்லை. தமிழ்க் கூலிகளின் பேரப்பிள்ளைகள் கரும்பு வெட்டிய அதே தீவு. அதன் உறுதி ஏறக்குறைய ஒரே ஒரு மரபணுப் பகுதியில் இருக்கிறது என்று 1996இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். புரூ1 என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டில், மொன்பெலியேயில் உள்ள சிராட் நிறுவனத்தின் அஞ்செலிக் டோன் ஆர் 570இன் குரோமோசோம்களுக்கு இரண்டு நிறத்தில் ஒளிச்சாயம் ஏற்றினார். தாய்க்கரும்பிலிருந்து வந்தவை ஒரு நிறம்; நாணலிலிருந்து வந்தவை இன்னொரு நிறம். சுமார் எண்பது விழுக்காடு தாயின் நிறம். பத்து விழுக்காடு நாணல். மீதிப் பத்தில் ஒரே கோலில் இரண்டு நிறமும். ஜானகி அம்மாள் கறுப்பு வெள்ளையில் எண்ணியதை டோன் வண்ணத்தில் கண்டார்.

எழுத்தெழுத்தாக வாசிக்க வேறு கருவிகள் வேண்டியிருந்தன. டிஎன்ஏவை வாசிக்கும் முறையை 1977இல் கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் சாங்கர் தந்தார். அதைப் பல இலட்சம் மடங்கு வேகப்படுத்தும் வழி, 1997 கோடையில் அதே ஊரின் பாண்டன் ஆர்ம்ஸ் என்ற மதுச்சாலையில் நடந்த பேச்சில் உருவெடுத்தது. பேசியவர்களில் ஒருவர் டேவிட் கிளெனர்மன். இன்னொருவர் 1966இல் சென்னையில் பிறந்து, குழந்தையாக இங்கிலாந்து சேர்ந்த சங்கர் பாலசுப்பிரமணியன். அவர்கள் தொடங்கிய சொலெக்சா நிறுவனம் 2007இல் இலுமினாவிடம் சேர்ந்தது. இன்று உலகில் நடக்கும் மரபணு வாசிப்பில் பெரும்பங்கு அந்த வழியில்தான்.

நெல் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாசிக்கப்பட்டுவிட்டது. கரும்பு மட்டும் மடங்கவில்லை. ஆர் 570க்குச் சுமார் 114 குரோமோசோம். 1,000 கோடி எழுத்துகள், மனிதனுக்கு இருப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அதைவிடப் பெரிய சிக்கல், ஒவ்வொரு மரபணுவும் எட்டு முதல் பன்னிரண்டு பிரதிகளாக, சிறுசிறு வேறுபாட்டோடு இருப்பது. ஒரே காவியத்தைப் பத்து ஏடெழுதுவோர் பனையோலையில் படியெடுத்து, அந்தப் பத்துச் சுவடிகளையும் செல்லரித்துத் துண்டு துண்டாக ஒரே பெட்டியில் கொட்டிவிட்டால், எந்தத் துண்டு எந்தச் சுவடியுடையது என்று எப்படிச் சொல்வது? வேகமான புது முறையில் வாசிக்கும் துண்டுகள் மிகச் சிறியவை. பத்துச் சுவடிக்கும் பொருந்திவிடும். ஆயிரக்கணக்கான எழுத்துகளைப் பிழை குறைவாக ஒரே மூச்சில் வாசிக்கும் கருவிகள் வந்தபிறகே வழி திறந்தது. இதற்கிடையே 2018இல் டோன் குழு, உறவுப் பயிரான சோளத்தின் மரபணுத்தொகையை வழிகாட்டியாக வைத்து, பத்துப் பிரதிகளில் ஒன்றுக்கு மட்டுமான வரைவைத் தந்தது. அதே ஆண்டு வேறொரு குழு நாணலை வாசித்தது. கடைசியாக, அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள ஹட்சன்ஆல்ஃபா நிறுவனத்தின் ஆடம் ஹீலி முதல் ஆசிரியராக நிற்க, பிரெஞ்சு, ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2024இல் முழு ஆர் 570ஐ வெளியிட்டார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் மரபணு நிலையமும் அதில் கைகொடுத்தது. கரும்பு இன்று சீனி மட்டுமல்ல, வாகனம் ஓட்டும் எதனோலும் அல்லவா? புரூ1இன் இரகசியமும் அந்த வாசிப்பில் பிடிபட்டது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரபணுக்கள் சேர்ந்து காவல் நிற்பதாகத் தெரிகிறது.

வாசிப்பால் உழவருக்கு என்ன? ஒரு புதிய கரும்பு ரகத்தை உண்டாக்கப் பத்து ஆண்டுக்கு மேலாகும். ஆயிரக்கணக்கான நாற்றுகளை நட்டு, நோய் வரும்வரை காத்திருந்து, வாடியதைக் கழித்து, மிஞ்சியதை மறுபடி நடுவது பழைய முறை. புரூ1 இருக்கிறதா என்று பார்க்க இன்று நாற்றின் ஓர் இலைத்துண்டு போதும். துருவுக்குச் செய்ததை வறட்சிக்கும் உப்பு மண்ணுக்கும் செய்ய வேண்டுமானால், நாணல் தந்த மரபணுக்களில் எது எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஆர் 570 ஒரு ரகம்தான். கேரளத்தின் கண்ணூரில், கோயம்புத்தூர் நிறுவனத்தின் கிளை நிலையத்தில், உலகக் கரும்புகளின் பெருந்திரட்டு உயிரோடு காக்கப்படுகிறது. உலகில் இப்படிப்பட்ட பெருந்திரட்டுகள் இரண்டே. பிராண்டெஸ் நீர்விமானத்தில் ஏற்றிவந்த 28 என்ஜி வரிசை அங்கே நிற்கிறது. வெள்ளமும் வறட்சியும் கண்ட நாணல்களும் நிற்கின்றன. ஜானகி அம்மாள் பிறந்த தலச்சேரி அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அந்த வரிசைகளில் மிகப் பெரும்பாலானவற்றை இன்னும் ஆர் 570ஐப் போல முழுதாக யாரும் வாசிக்கவில்லை.